மொண்ணையூரார் முக்கியமான வார்த்தைக்குக் கோடு போட்ட கதை

மொண்ணையூரை வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போடுகிறவர் ஒருமுறை அந்தப் பக்கம் வந்தார். "மொண்ணையூருக்கு எப்படிப் போவது?" என்று கேட்டார். "நடந்துதான்" என்றார்கள். அவரும் நடக்க ஆரம்பித்தார். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. அதனால் வரைபடத்தில் அந்த ஊர் இல்லை.

ஆனால் ஊர் இருக்கிறது. ரொம்ப நல்ல மனிதர்கள் வாழும் ஊர். ஒருத்தர் மனம் நோக இன்னொருத்தர் பொறுக்க மாட்டார். அதற்காகவே அங்கே ஒரு வழக்கம் உண்டு: ஒருவருக்கு ஒன்று கிடைத்தால் அது எல்லாருக்கும் கிடைத்தாக வேண்டும். ஒருமுறை ஊர்த்தலைவர் பூவராகன் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் காலிலும் கட்டு. கட்டுப் போட வந்த வைத்தியர் கடைசியில் தன் காலுக்கும் ஒன்று போட்டுக்கொண்டு, நொண்டியபடியே வீடு போய்ச் சேர்ந்தார்.

இந்த ஊருக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். இடுப்பளவு தண்ணீர் ஓடும். கடப்பதற்கு ஒரு பனைமரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். காலம் காலமாக நடந்து நடந்து அதன் மேல்பக்கம் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது.

பூவராகன் ஒரு நாள் குனிந்து பார்த்தார். "அட! மேல்பக்கம்தான் தேய்ஞ்சிருக்கு. அடிப்பக்கம் யார் காலும் படாம அப்படியே புதுசா இருக்கு. திருப்பிப் போட்டா நமக்குப் புதுப் பாலம்!" என்றார்.

ஊரே தண்ணீரில் இறங்கி மரத்தைத் திருப்பியது. மரமும் திரும்பியது. திரும்பியதோடு நிற்காமல் தண்ணீரோடு கிளம்பியும் போனது. யாரும் அதைப் பிடிக்கவில்லை. எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்ததால் பிடிக்கக் கை இல்லை.

பாலம் போனதில் எல்லாருக்கும் சங்கடம்தான். ஆனால் அம்மாக்கண்ணுவுக்கு வந்த சங்கடம் பெரியது. அவருடைய மகள் பவளக்கொடிக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த சீரகம்பட்டி. பவளக்கொடிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அவர் சிரித்தால் இவள் சிரிப்பாள்; இவள் சிரித்தால் அவர் சிரிப்பார். எதற்கென்று இரண்டு பேருக்குமே தெரியாது. அப்படி ஒரு பொருத்தம்.

மாப்பிள்ளையின் அப்பா கைலாசம் நாலும் தெரிந்தவர். அவர் ஒரு நாள் வந்து அக்கரையில் நின்று வாய்க்காலைப் பார்த்தார். பிறகு இக்கரையில் நின்ற அம்மாக்கண்ணுவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"சம்பந்தியம்மா! நான் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வர்றவன். என் கால்ல ஒரு சொட்டு வாய்க்கால் தண்ணி பட்டாலும் சரி, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அந்த இடத்திலேருந்தே திரும்பிடுவேன். பாலத்தைப் போடுங்க, கல்யாணத்துக்கு வர்றோம். பாலம் இல்லேன்னா கல்யாணமும் இல்லை."

அம்மாக்கண்ணு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூவராகன் வீட்டுக்குப் போனார். "அண்ணே, தைக்குள்ள பாலம் வராட்டி என் மகள் கல்யாணம் நின்னுடும். ஏதாவது செய்யுங்கண்ணே."

"அழாதே தாயி. அரசாங்கம் எதுக்கு இருக்கு? மனு கொடுப்போம்" என்றார் பூவராகன்.

இரண்டு பேரும் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். அங்கே மனு வாங்கும் குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்லவர். ஆனால் காலையிலிருந்து மனு வாங்கிக் களைத்துப் போயிருந்தார்.

"பெரியவரே, தாசில்தார் ஐயா மேஜையில மலை மாதிரி மனு குவிஞ்சு கிடக்கு. எல்லாத்தையும் வரி விடாம படிக்க அவருக்கு நேரம் இல்லை. மனுவுல எது முக்கியமான வார்த்தையோ அதுக்கு அடியில ஒரு கோடு போட்டுக் கொண்டாங்க. நேர்ல பேசறப்பவும் அப்படித்தான். முக்கியமான வார்த்தை தனியாத் தெரியணும். புரிஞ்சுதா?"

"தனியாத் தெரியணும்" என்றார் பூவராகன்.

"அதேதான்."

மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் "தனியாத் தெரியணும், தனியாத் தெரியணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து எழுந்து போய்ப் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் ஊர் கூடியது. மனு எழுதுகிற பொறுப்பு தையல்காரர் மாசிலாமணிக்கு. துணியில் நேராகக் கோடு போடத் தெரிந்தவருக்குக் காகிதத்தில் எழுதவும் தெரியும் என்று ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது. அவர் பென்சிலை நாக்கில் தொட்டு ஒரே வரியில் எழுதி முடித்தார். பிறகு வாசித்துக் காட்டினார்:

"ஐயா, எங்கள் ஊர் வாய்க்காலுக்குப் பாலம் வேண்டும்."

"அருமை! இப்போ சொல்லுங்க, இதுல எது முக்கியமான வார்த்தை?" என்று கேட்டார் பூவராகன்.

"பாலம்" என்றார் அம்மாக்கண்ணு பட்டென்று.

"அவசரப்படாதே தாயி. முதல்ல இருக்கறது 'ஐயா'. அவருக்குக் கோடு போடாம பாலத்துக்குப் போட்டா அவர் என்ன நினைப்பார்? 'என்னை விடப் பாலம் பெரிசாப் போச்சா'ன்னு கேக்க மாட்டாரா?"

நியாயமான பேச்சு. 'ஐயா'வுக்கு ஒரு கோடு விழுந்தது.

அப்போது ஏகாம்பரம் எழுந்தார். ஊரிலேயே பெரிய குரல் அவருக்குத்தான். அவர் யார் காதிலாவது ரகசியம் சொன்னால், மறுநாள் அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்து மேல்விவரம் கேட்கும். "'எங்கள்'னு எழுதியிருக்கே, அது யாரு? நாமதானே! நாம முக்கியம் இல்லையா?" என்று முழங்கினார். 'எங்கள்' என்பதற்கும் ஒரு கோடு.

"நமக்குப் போட்டுட்டு ஊருக்குப் போடலேன்னா ஊர் மேல நமக்கு அக்கறை இல்லேன்னு ஆயிடும்" என்றது ஒரு குரல். 'ஊர்' என்பதற்கும் கோடு.

"வாய்க்கால் இல்லேன்னா பாலமே எதுக்கு?" என்றது இன்னொரு குரல். வாய்க்காலுக்கும் கோடு.

"கடைசி வார்த்தையை விட்டுடாதீங்க. 'வேண்டும்' இல்லேன்னா பாலம் ஏற்கெனவே இருக்குன்னு நினைச்சுக்குவாங்க" என்றார் மாசிலாமணி. அதற்கும் போட்டார். அம்மாக்கண்ணு கெஞ்சியதால் பாலத்துக்கும் போட்டார்.

மிச்சம் இருந்தது 'ஐயா'வுக்குப் பக்கத்தில் இருந்த காற்புள்ளி ஒன்றுதான்.

"அது சின்னதுதானே, போகட்டும்" என்றார் மாசிலாமணி.

"சின்னதா இருந்தா மனசு இருக்காதா?" என்றார் பூவராகன்.

காற்புள்ளிக்குக் கீழே குட்டியாக ஒரு கோடு போட்டார்கள். ஊர் வழக்கம் காப்பாற்றப்பட்டது. எல்லாரும் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

குமாஸ்தா மனுவை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பூவராகனைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் கோடு போட்டா எதுதான் பெரியவரே தனியாத் தெரியும்? பாலம்தானே வேணும்? அதுக்கு மட்டும் இன்னும் ஒரு கோடு சேர்த்துப் போடுங்க."

ஊருக்குத் திரும்பி வந்து பாலத்துக்கு இரண்டாவது கோடு போட்டார்கள். போட்டதும் ஏகாம்பரம் கேட்டார்: "அப்போ 'எங்கள்' மட்டும் ஒத்தைக் கோட்டோட நிக்கணுமா?"

எல்லா வார்த்தைக்கும் இரண்டாவது கோடு விழுந்தது. மறுபடி பாலம் தனியாகத் தெரியவில்லை. பாலத்துக்கு மூன்றாவது கோடு. எல்லாவற்றுக்கும் மூன்றாவது கோடு. இப்படியே போனதில் காகிதம் அடிவரைக்கும் நிறைந்துவிட்டது. அடியில் வேறு காகிதம் ஒட்டி மேலும் போட்டார்கள். மாசிலாமணி பென்சில் தேய்ந்து, விரலைத் தேய்க்க ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினார்.

குமாஸ்தா அந்த மனுவை விரிக்கவே எழுந்து நிற்க வேண்டியிருந்தது. "இது என்ன, உழுத வயலா?" என்று கேட்டு, சுருட்டித் திரும்பக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு அம்மாக்கண்ணு சாப்பிடவில்லை. மார்கழி பிறந்துவிட்டது. அக்கரையிலிருந்து கைலாசம் ஆள் அனுப்பி, "பாலம் வந்ததா?" என்று கேட்டிருந்தார். வந்த ஆள் பதிலை எதிர்பார்த்து அக்கரையிலேயே நின்றான். "வந்துக்கிட்டே இருக்கு" என்று ஏகாம்பரம் கத்தினார். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அந்த ஆள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

ஊர் மறுபடி கூடியது. எல்லாரும் யோசித்தார்கள். எல்லாருக்கும் மூளை வலித்தது. கடைசியில் மாசிலாமணி மெதுவாகக் கேட்டார்:

"எல்லாருக்கும் கோடு இருக்கறப்ப, கோடு இல்லாத ஒண்ணுதானே தனியாத் தெரியும்?"

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. இப்படி ஒரு மூளையா!

புதுக் காகிதத்தில், பாலத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் கோடு போட்டார்கள். காற்புள்ளியையும் மறக்கவில்லை. பூவராகன் காகிதத்தைக் கை நீட்டிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தெரியுது. ஆனா பத்தாது. இன்னும் நல்லாத் தெரியணும்."

ஏகாம்பரம் எழுந்து கூட்டத்துக்கு நடுவே வந்தார். வாயை அகலமாகத் திறந்தார். முன்பல் ஒன்று இல்லை.

"என் வாயைப் பாருங்க. இத்தனை பல் இருக்கு. நீங்க எல்லாரும் எதைப் பாக்கறீங்க?"

"இல்லாத பல்லைத்தான்" என்றார்கள் எல்லாரும்.

"அது இருந்தப்ப யாராவது பாத்தீங்களா?"

"பாக்கலை."

"அவ்வளவுதான்!" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அம்மாக்கண்ணு கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அண்ணன் சொல்றது சரிதான். அந்தப் பனைமரம் கிடந்தவரைக்கும் நாம அதை ஒரு நாளாவது நினைச்சோமா? போன பிறகுதானே எந்நேரமும் அதே நினைப்பா இருக்கோம்!"

மாசிலாமணி ரப்பரை எடுத்தார். 'பாலம்' என்ற வார்த்தையையே அழித்தார். தூசியை ஊதினார். அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு காலி இடம் மின்னியது. இப்போது மனுவில், ஐயாவும் எங்களும் ஊரும் வாய்க்காலும் வேண்டுமும் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்க, எது வேண்டும் என்பது மட்டும் இல்லை.

"இப்போ குருடனுக்குக்கூடத் தெரியும்" என்றார் பூவராகன் திருப்தியாக.

நேரில் பேசுவதற்கும் அதே முறைதான். எல்லா வார்த்தையையும் ஏகாம்பரம் தொண்டை கிழியக் கத்த வேண்டும். முக்கியமான வார்த்தை வரும்போது வாயை இறுக மூடிக்கொள்ள வேண்டும். ஏகாம்பரம் வாய்க்கால் ஓரத்தில் பழகினார். கொக்குகள் வேறு வாய்க்காலுக்குக் குடி போயின.

மனு நாள் அன்று தாசில்தார் முன்னால் மூன்று பேரும் போய் நின்றார்கள்: நடுவில் ஏகாம்பரம், ஒருபக்கம் பூவராகன், மறுபக்கம் அம்மாக்கண்ணு. மனுவை மேஜையில் வைத்தார்கள். ஏகாம்பரம் மார்பை நிமிர்த்தினார்.

"ஐயா!"

தாசில்தார் கையில் இருந்த டீ சிந்தியது.

"எங்கள்! ஊர்! வாய்க்காலுக்கு!"

மேலே ஓடிக்கொண்டிருந்த பல்லி கீழே விழுந்தது.

பிறகு ஏகாம்பரம் உதட்டை இறுக மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டினார். ஆபீஸ் முழுவதும் நிசப்தம்.

"வேண்டும்!"

தாசில்தார் பொறுமையானவர். டீயைத் துடைத்துக்கொண்டு, "சரி, என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"அதுதாங்க ஐயா" என்றார் பூவராகன் பணிவாக.

"எதுதான்?"

"நல்லாத் தனியாத் தெரியுதுங்களா?"

தாசில்தார் மனுவைப் பார்த்தார். வெள்ளை இடத்தை விரலால் தடவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இங்கே ஒண்ணுமே இல்லையே!"

மூன்று பேரும் மகிழ்ந்துபோய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்!

"கரை கட்டணுமா?" என்று கேட்டார் தாசில்தார்.

தலையாட்டி மறுத்தார்கள்.

"தூர் வாரணுமா?"

மறுத்தார்கள்.

"மீன்குஞ்சு விடணுமா?"

அம்மாக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, என் மகள் கல்யாணம்..." என்று ஆரம்பித்து "பா..." வரைக்கும் வந்துவிட்டார். பூவராகன் பாய்ந்து அவர் வாயைத் தன் துண்டால் மூடினார்.

"சொல்லிடாதே தாயி! சொல்லிட்டா மத்த வார்த்தை மாதிரி ஆயிடும்! அப்புறம் ஐயாவுக்கு எப்படித் தெரியும்?"

துண்டுக்கு மேலே அம்மாக்கண்ணுவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்துத் தாசில்தாரின் மனம் இளகியது. அந்தக் கண்ணீர் ஒன்றுதான் அங்கே அவருக்குப் புரிகிற மாதிரி இருந்தது.

"சரி, நானே நேரில் வந்து பார்க்கிறேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். ஜீப் அக்கரையில் நின்றது. இக்கரையில் ஊரே மாலையோடு காத்திருந்தது.

"ஊருக்குள் எப்படி வருவது?" என்று கேட்டார் தாசில்தார்.

"நடந்துதான் ஐயா!" என்றார்கள் எல்லாரும்.

தாசில்தார் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதலில் முழங்கால். அடுத்து இடுப்பு. அடுத்த அடியில் கால் வழுக்கி, தொப்பியும் ஷூவும் ஆளுக்கொரு பக்கம் மிதந்தன. நடு வாய்க்காலில் நின்றுகொண்டு தாசில்தார் அலறினார்:

"பாலம்! இங்கே முதல்ல ஒரு பாலம் வேணுமய்யா! பாலம்! பாலம்!"

ஊர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

"பாவம், படிச்சவர்தான். ஆனா முக்கியமான வார்த்தையைப் போய் இப்படி வெளிப்படையாச் சொல்லிட்டாரே!" என்று மாசிலாமணி காதில் கிசுகிசுத்தார் பூவராகன்.

"மூணு தடவை வேற" என்றார் மாசிலாமணி.

ஆனாலும் பாருங்கள், அந்த வாரமே ஜல்லியும் சிமெண்டும் வந்து இறங்கின. மார்கழி முடிவதற்குள் பாலம் எழுந்துவிட்டது. அவசர வேலை என்பதால் கைப்பிடிச் சுவர் வைக்கவில்லை. வளைவு, தூண், அலங்காரம் எதுவும் கிடையாது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீட்டாக, மட்டமாக, நேராக ஒரே பாலம். அம்மாக்கண்ணு அதற்குச் சூடம் காட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கைலாசமும் ஆள் அனுப்பிப் பார்த்து, "வர்றோம்" என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று காலை. பந்தல் போட்டாயிற்று. இலை வந்தாயிற்று. வெளியூர் உறவுக்காரர்களுக்கு வழி சொல்ல ஏகாம்பரத்தைப் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பியாயிற்று. அம்மாக்கண்ணு ஆரத்தித் தட்டோடு பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

அப்போது பூவராகன் புது வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். தூரத்தில் பாலத்தைப் பார்த்தார். அதன் நடுவே வெள்ளாடு ஒன்று தனியாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பூவராகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மாசிலாமணி! அந்த ஆட்டுக்கு அடியில என்ன தெரியுது?"

மாசிலாமணி பார்த்தார். பல காலம் கோடு போட்ட கண் அது. உடனே பிடித்துக்கொண்டது. "தலைவரே! கோடு!"

"அப்படின்னா அந்த ஆடு..."

"முக்கியமான ஆடு!"

விஷயம் பரவியது. ஊரே பாலத்துக்கு ஓடியது. முதலில் எல்லாரும் ஆட்டுக்கு ஒரு கும்பிடு போட்டார்கள். பிறகு வழக்கம் நினைவுக்கு வந்தது. ஆட்டுக்குக் கோடு இருந்தால் தலைவருக்கும் இருக்க வேண்டாமா? பூவராகன் ஏறி நின்றார். தலைவருக்கு இருந்தால் தையல்காரருக்கு? மாசிலாமணி ஏறினார். சமையல்காரர் கரண்டியோடு ஏறினார். பூசாரி தாலித் தட்டோடு ஏறினார். கொஞ்ச நேரத்தில் பாலத்தில் ஆள் நிற்க இடமில்லை. நெரிசல் பொறுக்காமல் ஆடு இறங்கிப் போய்விட்டது.

அதே நேரம் அக்கரையில் நாதஸ்வரம் கேட்டது. கைலாசம் பட்டு வேட்டி சரசரக்க, புதுச் செருப்பு கிறீச்சிட, முன்னால் வந்தார். பின்னால் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தார். பாலத்தில் ஒரு சுவர் போல ஊர் நின்றது.

"வழி விடுங்கப்பா!" என்றார் கைலாசம்.

"நாங்க இப்போ கோட்டு மேல நிக்கிறோம். இறங்கச் சொல்லாதீங்க" என்றார் பூவராகன்.

"அண்ணே! முகூர்த்தம் போயிடும்! இந்தப் பாலமே என் மகள் கல்யாணத்துக்காக வந்ததுதானே! உங்க கால்ல விழறேன், இறங்குங்கண்ணே!" என்று இக்கரையிலிருந்து அம்மாக்கண்ணு கதறினார்.

"அந்தச் சிரமமே வேண்டாம் தாயி" என்றார் மாசிலாமணி. அவர் முகத்தில் பழைய யோசனை ஒளிர்ந்தது. "தலைவரே, எல்லாருக்கும் கீழே கோடு இருந்தா யாருமே தனியாத் தெரிய மாட்டோமே!"

பூவராகன் சுற்றிலும் பார்த்தார். உண்மைதான். தலைவர் எது, சமையல்காரர் எது என்றே தெரியவில்லை.

"கோடு இல்லாதவன்தான் தனியாத் தெரிவான்!" என்று கூவிக்கொண்டே வாய்க்காலில் குதித்தார்.

தொபீர் என்று தண்ணீர் தெறித்தது. இடுப்பளவு தண்ணீரில் அவர் எழுந்து நின்றார். ஆகா, எவ்வளவு நன்றாகத் தெரிந்தார்! ஊர் கை தட்டியது. தட்டி முடித்ததும் வழக்கம் நினைவுக்கு வந்தது. தலைவருக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்க வேண்டாமா? தையல்காரர் குதித்தார். சமையல்காரர் கரண்டியோடு குதித்தார். பூசாரி தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தார். கடைசி ஆளும் குதித்ததும் பாலம் சுத்தமாகக் காலியாகிவிட்டது.

அம்மாக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வாங்க சம்பந்தி, வாங்க! வழி காலி! ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது!"

கைலாசம் கம்பீரமாக நடந்து வந்தார். பாலத்தின் நடுவில் வந்ததும் நின்றார். கீழே எட்டிப் பார்த்தார். ஊரே இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரை அண்ணாந்து பார்த்தது.

"நீங்கள்லாம் ஏன் தண்ணியில நிக்கிறீங்க?"

"முக்கியமானவங்க எல்லாம் இங்கேதான் நிக்கிறோம்" என்றார் பூவராகன்.

கைலாசத்தின் மீசை துடித்தது. "அப்போ மாப்பிள்ளையோட அப்பன் நான்? சமையல்காரன் அங்கே நிக்கிறான், நான் மேலே நிக்கணுமா?"

"சம்பந்தி, வேண்டாம்! உங்க கால்! உங்க பட்டு வேட்டி!" என்று அம்மாக்கண்ணு ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார்.

"கால் கிடக்கட்டும் சம்பந்தியம்மா, மரியாதைன்னு ஒண்ணு இருக்கு!" என்றார் கைலாசம். செருப்புகளைக் கழற்றினார். பாலத்தின் நட்ட நடுவில் பக்கம் பக்கமாக, ஒழுங்காக வைத்தார். "புதுசு. எல்லாரும் செருப்பைப் பாத்துக்குங்க!" என்று சொல்லிவிட்டுப் பட்டு வேட்டியோடு குதித்தார்.

அப்பா குதித்ததும் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே குதித்தார். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே குதித்ததில் பாதிப் பாட்டு குமிழியாக வந்தது. அம்மாக்கண்ணு பார்த்தார். மாப்பிள்ளை இருக்கிற இடத்தில்தான் கல்யாணம். ஓடிப்போய் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பூசாரி தாலியை எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டினார். முகூர்த்தம் தவறவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. கைலாசம் சொன்னபடி எல்லாரும் கண் கொட்டாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் உறவுக்காரர்களுக்கெல்லாம் வழி சொல்லி முடித்துவிட்டு ஏகாம்பரம் திரும்பி வந்தார். வாய்க்கால் முழுக்க ஜனம். எல்லாரும் கழுத்தை உயர்த்தி ஒரே இடத்தைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மேல் வேறு எதுவும் இல்லை. நடுவில் இரண்டு செருப்பு. அடியில் நேராக ஒரு கோடு.

ஏகாம்பரத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வேட்டியைத் தழைய விட்டார். துண்டை இடுப்பில் கட்டினார். மெதுவாக நடந்து போய், மடியில் முடிந்து வைத்திருந்த அட்சதையை எடுத்துச் செருப்புகளின் மேல் தூவி, கண்ணை மூடி மனதார வாழ்த்தினார். பிறகு கீழே இருந்த கூட்டத்தைப் பார்த்து, அடுத்த ஊருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நல்ல பொருத்தம்! ரெண்டு பேரும் ஒரே உயரம்!"